புளிச்சக்கீரைக் கட்டு

கொஞ்சம் சன்னலோரமா நகந்து உக்காரு தாயி. இந்தப் பையை மட்டும் காலுக்கு நடுவுல வச்சுக்கிறேன். மேல வையின்னு கத்துறாரு கண்டக்டரு. மேல வச்சா வெக்கையில வாடிப் போகாதா? உள்ள கீரைக்கட்டு இருக்கு. ஈரத்துண்டுல சுத்தி வச்சிருக்கேன். வாடை அடிக்குதா? துண்டு வாடையா இருக்கும். எனக்கு ஒண்ணும் தெரியாது, சமைஞ்ச நாள்லருந்து பொடி போட்ட மூக்கு இது. பக்கத்துல பொணம் கிடந்தாலும் தெரியாது. என் வீட்டுக்காரரு சொல்லுவாரு, "ஒச்சாயி, உன் மூக்கு வாசனை பாக்குறதுக்கு இல்லடி, அடுத்த வீட்டுக்குள்ள நுழைக்கிறதுக்கு"ன்னு. கிறுக்குப் பய மனுசன்.

மதுரைக்குத்தான். நீயும் மதுரையா? நல்லதாப் போச்சு. அரசரடி வந்ததும் சொல்லு. ஜெயிலுக்குப் போறேன், மகனுக்கு மனு போட்டுப் பாக்கணும். ஏன் தாயி மூஞ்சி அப்படிப் போகுது? கொலையுமில்ல களவுமில்ல. என் மகன் தங்கமாயன் தங்கமான பய. எல்லாம் ஒருத்தியால வந்த வினை. என் கொழுந்தன் பொண்டாட்டி. பவுனம்மான்னு பேரு. பேருதான் பவுனு, கழுத்துல குந்துமணித் தங்கம் கிடையாது.

எங்க ஊரு ஆண்டிபட்டிக்கு மேற்க, மலையடியில இருக்கு. இப்பத்தான் நாலு தூத்தல் விழுந்து பச்சை தெரியுது. அதுக்கு முன்னால பஞ்சம்னா பஞ்சம், அப்படி ஒரு பஞ்சம். ஓடையில மணலு கொதிக்குது. பனைமரம் பட்டுப் போயி நின்னு பாத்திருக்கியா? நான் பாத்தேன். எங்க கிணறு பங்குக் கிணறு. அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் பொதுவு. ஒரு நாள் எங்க முறை, மறுநாள் அவுக முறை. எங்க பக்கம் தென்னந்தோப்பு. அவுக பக்கம் வெறுங்காடு. ஏன் வெறுங்காடுன்னா, என் கொழுந்தன் மொக்கையன் ஈரல் வீங்கிப் படுத்த படுக்கையாக் கிடந்தாரு. அவருக்குப் பீயும் மூத்திரமும் அள்ளவே அவளுக்கு நேரம் சரியாப் போச்சு. காடு தரிசாக் கிடந்துச்சு. அப்புறம் அவரும் போய்ச் சேந்தாரு. பிள்ளை இல்ல குட்டி இல்ல. ஒண்டிக்கட்டை. ஒரு வயித்துக்கு எதுக்கு இம்புட்டுக் காடு, எதுக்கு ஒரு முறைத் தண்ணி? நீயே சொல்லு.

நான் வாய்விட்டே கேட்டேன். "பவுனு, ஆத்தா வீட்டுக்குப் போயி அண்ணன் நிழல்ல இரு. காட்டை நாங்க பாத்துக்கிறோம்"னேன். நல்லதுக்குத்தான் சொன்னேன். அதுக்கு அவ, "அண்ணன் நிழல்ல மதினி உக்காந்திருக்குக்கா. எனக்கு எங்க இடம்? இந்தக் காடும் கிணத்துல பாதியும்தான் எனக்குப் புருசன்"ங்கிறா. பேச்சைப் பாத்தியா? தாலி அறுத்து மூணு மாசம் ஆகல, அதுக்குள்ள கிணத்தைப் புருசன்ங்கிறா.

அப்பத்தான் ஊர்க்கூட்டம் போட்டாய்ங்க. என் வீட்டுக்காரருதான் அந்த வருசம் ஊருக்குப் பெரியதனம். முடிவு என்னன்னா, பஞ்சம் தீருற வரைக்கும் எவனும் புது வெள்ளாமை வைக்கக் கூடாது. தரிசை உழக் கூடாது, புதுசா நாத்துப் பாவக் கூடாது, போர் போடக் கூடாது. நிக்கிற மரத்துக்கு மட்டும் உசுருத்தண்ணி விட்டுக்கலாம். மீறி எவன் புதுசா ஒரு செடி வச்சாலும் அவனுக்குக் கிணத்து முறை கிடையாது, மழை பேஞ்சாலும் திரும்பக் கிடையாது. மலையில கஞ்சா வைக்கிறவனுக்கும் அதே கட்டுதான், ஊரைவிட்டே தள்ளி வைக்கணும்னு கூடுதலாச் சொன்னாய்ங்க. ஏன்னா பஞ்சத்துல பிழைக்க வழியில்லாம ரெண்டு மூணு பயலுக அந்தப் பக்கம் கண்ணு வச்சுட்டாய்ங்க. அந்தச் செடி தண்ணியை மொடாக்குடியன் மாதிரிக் குடிக்குமாமே. நல்ல கட்டு. நேர்மையான கட்டு. ஊருக்கெல்லாம் ஒரே நியாயம்.

என்ன கேக்குற? அவளுக்கு மட்டும்தானே வெறுங்காடுன்னா? ஆமா, அது அவ விதி. நாங்களா அவ காட்டைத் தரிசாப் போடச் சொன்னோம்? எங்களுக்குத் தென்னை நிக்குது, தண்ணி விட்டோம். அவளுக்கு நிக்கிறது ஒண்ணுமில்ல, அதனால விட வேண்டியதும் இல்ல. அவ முறைத் தண்ணி சும்மாத்தானே கிடக்குன்னு அதையும் நாங்களே இறைச்சோம். கேக்க வந்தா. "கட்டு கட்டுதான் பவுனு"ன்னுட்டாரு என் வீட்டுக்காரரு.

சும்மா இருந்தாளா? அதுதான் இல்ல. குளிக்கிற தண்ணி, ஏனம் கழுவுற தண்ணி, மாடு குடிச்சு மிச்சம் வச்ச தண்ணி, எல்லாத்தையும் குடத்துல சுமந்து கொண்டு போயி வரப்போரமாப் புளிச்சக்கீரை போட்டுட்டா. வரப்போரம்னா, நம்ம பஸ்ஸு நீளத்துக்கு இருக்கும். ஒரு பாத்தி. கட்டுக் கட்டாச் சந்தையில வித்து அரிசி வாங்குறா. ஊரே காஞ்சு கிடக்குறப்ப இவ பாத்தி மட்டும் தளதளன்னு நிக்குது. எனக்கு வயிறு எரிஞ்சுச்சு தாயி. ஏன் மறைக்கணும்? எரிஞ்சுச்சு.

கூட்டத்துல சொன்னேன். "புது வெள்ளாமைதானே இது? எடுங்க முறையை"ன்னேன். கிழடுகட்டைகள்லாம் சிரிக்கிதுக. "கழுவுன தண்ணியில கீரை போட்டா அது வெள்ளாமையா ஒச்சாயி? விடு, அவளும் திங்கணும்ல"ங்கிறாய்ங்க. என் வீட்டுக்காரரும் வாயை மூடிக்கிட்டாரு. அன்னைக்கு ராத்திரி அந்த ஆளுக்கு நான் சோறு போடல.

இன்னொன்னு கேளு. அந்தச் சமயத்துல கிணத்துல தண்ணி விடிஞ்சா இறங்கிக் கிடக்கும். சாயங்காலம் ஒரு ஆள் மட்டம் நிக்கும், காலையில பாத்தா முட்டிக்கால் அளவு. எங்க போகுது? நான் ஊரெல்லாம் சொன்னேன், பவுனம்மாதான் ராத்திரியில திருடுறான்னு. மோட்டார் ரூம் சாவி எங்ககிட்டத்தான் இருக்கு, அது வேற. வாளி போட்டு இறைக்கிறவளுக்குச் சாவி எதுக்கு? என் மகன் தங்கமாயன்கூடச் சொன்னான், "ஆமாம்மா, சின்னாத்தாதான் இறைக்குது, நான் கண்ணால பாத்தேன்"னு. பெத்த பிள்ளை பொய் சொல்லுமா? அவன் பாவம் அப்ப மலைக்கும் வீட்டுக்கும் அலைஞ்சுக்கிட்டிருந்தான். தேனெடுக்கப் போறேன்னு போவான். ஒரு நாளும் தேன் கொண்டு வந்ததில்ல. பஞ்சத்துல பூ ஏது, தேன் ஏது? ஆனா புதுச் செல்லு வாங்கியிருந்தான். கெட்டிக்காரன்.

அவனுக்குப் புளிச்சக்கீரைன்னா உசுரு. காரமா மிளகா வத்தல் போட்டுக் கடைஞ்சு, நல்லெண்ணெய் ஊத்திக் கொடுத்தா ஒரு குண்டான் சோறு இறங்கும். அவனுக்காக நான்தான் பவுனம்மாகிட்டப் போயி வாரத்துக்கு ரெண்டு கட்டு வாங்கிட்டு வருவேன். காசா? கொழுந்தன் பொண்டாட்டிக்கு யாராச்சும் காசு கொடுப்பாகளா? அவளும் கேக்கல.

சரி, விசயத்துக்கு வர்றேன். புளிச்சை இளசுல பாத்திருக்கியா நீ? டவுனுக்காரி, கட்டாத்தான் பாத்திருப்ப. செடியா நிக்கிறப்ப இலை விரிச்ச கை மாதிரி அஞ்சு விரலா நிக்கும், ஓரமெல்லாம் ரம்பப் பல்லு. கஞ்சாவும் அச்சு அசல் அப்படியேதான் இருக்குமாம். நான் எங்க கண்டேன், சொல்லுவாக. மோந்து பாத்தா தெரிஞ்சு போகும், வாயில போட்டா இன்னும் நல்லாத் தெரியும். புளிச்சை புளிக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

சந்தைக்குப் போன அன்னைக்கு அப்படியே டேசனுக்குள்ள நுழைஞ்சு ஒரு வார்த்தை காதுல போட்டேன். "ஒரு பொம்பளை வரப்புல என்னமோ செடி வச்சிருக்காய்யா. புருசன் செத்தவ, கையில காசு பொழங்குது. எனக்கு என்னன்னு தெரியல"ன்னேன். கஞ்சான்னு நான் சொல்லவே இல்ல. அந்த வார்த்தை என் வாயில வரவே இல்ல. இந்தா, இந்தப் பஸ்ஸு மேல சத்தியம்.

புதுசா வந்த எஸ்.ஐ., வடக்கத்திப் பக்கத்துக்காரரு போல. கீரை பாத்திருக்காத மனுசன். ஜீப்பு போட்டு வந்துட்டாரு. ஊரே கூடிப் போச்சு. பவுனம்மா ஓடி வந்து பாத்தியில குறுக்க விழுந்தா. "அய்யா, கீரைங்கய்யா, திங்கிற கீரைங்கய்யா"ன்னு அலறுறா. அவரு கேக்கல. வேரோட புடுங்குறாய்ங்க. அப்ப அவ கூட்டத்துல என்னைப் பாத்துட்டா. "அக்கா! நீங்க சொல்லுங்கக்கா! முந்தாநாள்தானே ரெண்டு கட்டு வாங்கிட்டுப் போனீக, தங்கமாயனுக்குக் கடைஞ்சு கொடுத்தீகள்ல, சொல்லுங்கக்கா!"ன்னு ரெண்டு கையையும் நீட்டுறா.

எஸ்.ஐ. என் பக்கம் திரும்புறாரு. ஊரே திரும்புது. நான் என்ன செய்ய முடியும் தாயி? போலீஸு விசயம். நாளைக்குக் கோர்ட்டு கேசுன்னு யாரு அலையிறது? "எனக்கு இலை தழையெல்லாம் தெரியாதுங்கய்யா. கண்ணு வேற மங்கலு"ன்னுட்டேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அவ என்ன செஞ்சா தெரியுமா? ஒரு கொத்து இலையை உருவி வாய் கொள்ளாம அடைச்சுக்கிட்டா. தின்னு காட்டுறாளாம். "புளிக்குதுங்கய்யா, நீங்களும் தின்னு பாருங்க"ன்னு மெல்லுறா, பச்சைச் சாறு தாவாக்கட்டையில ஒழுகுது. தடயத்தை அழிக்கிறான்னு நினைச்சு விட்டாரு பாரு ஒரு அறை. மென்னது அம்புட்டும் தெறிச்சு என் சேலையில விழுந்துச்சு. புதுச் சேலை. கறை இன்னும் போகல.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. தப்புதான், வந்துருச்சு. மாடு மாதிரி மெல்லுறாளேன்னு.

டேசன்ல ஒரு வயசான பொம்பளைப் போலீஸு இலையைக் கிள்ளி வாயில போட்டுட்டு, "அய்யா, இது புளிச்சக்கீரைய்யா, என் வீட்டுலயே இருக்கு"ன்னுச்சாம். பொழுது சாயவும் விட்டுட்டாய்ங்க. நடந்தே வந்து சேந்தா. ஆனா பாத்தி போனது போனதுதானே. அது மட்டுமா? ஊருக்குள்ள போலீஸு வந்தது எவ்வளவு பெரிய அவமானம்? யாரால வந்துச்சு? அவளாலதானே? நான் கூட்டத்துல அடிச்சுப் பேசுனேன். இந்தத் தடவை எவனும் சிரிக்கல. முறையைப் பிடுங்கிட்டாய்ங்க. கிணத்துல அவளுக்குப் பங்கு இனிமே இல்ல, குடிக்க ஒரு குடம் மட்டும் எடுத்துக்கலாம்னு முடிவாச்சு. அவ எந்திரிச்சு முந்தானையைத் தட்டிட்டுப் போயிட்டா. அந்த வாரமே பசுமாட்டை அடிமாட்டு லாரிக்கு ஏத்திவிட்டா. ஒரு குடத்துல அவ குடிப்பாளா, மாடு குடிக்குமா? வண்டி போற வரைக்கும் அந்த மாடு கத்துச்சு பாரு, காது குடுக்க முடியல.

என் கதை இனிமேத்தான் இருக்கு. அந்த எஸ்.ஐ.யை, கீரை புடுங்குன எஸ்.ஐ.ன்னு சந்தை முழுக்கச் சிரிச்சிருக்காய்ங்க. மனுசனுக்கு ரோசம் வந்துருச்சு. விடியக்காலம் மறுபடியும் வந்து காடெல்லாம் சுத்தியிருக்காரு. எங்க மோட்டார் ரூமுக்குப் பின்னால ஒரு கறுப்பு ரப்பர் ஓஸு. மண்ணுக்குள்ள புதைச்சு, முள்ளு போட்டு மூடி வச்சிருக்கு. அதைப் பிடிச்சுக்கிட்டே நடந்திருக்காரு. ஓடை தாண்டி, கரடு தாண்டி, மலையில ஒரு சரிவு வரைக்கும் போகுது. போனா அங்க என் மகன் உக்காந்திருக்கான். சுத்தி ஆள் உசரத்துக்கு நிக்குது.

இல்லன்னு சொல்லல தாயி, நின்னுச்சு. ஆனா அது வெள்ளாமையா? அது காட்டு இலாகா இடம், ஊர் எல்லையில வராது. ஊர்க்கட்டு ஊருக்குள்ளதானே? சேக்காளி எவனோ விதையைக் கொடுத்திருக்கான், பய விளையாட்டுக்குப் போட்டிருக்கான். முப்பத்தி ரெண்டு வயசுப் பச்சைப் பிள்ளைக்கு என்ன தெரியும்? தண்ணி? எங்க கிணத்துத் தண்ணிதானே, எவன் அப்பன் வீட்டுத் தண்ணி? நான் மட்டும் என்ன கண்டேன்? தேனெடுக்கப் போறான்னு தூக்குச்சட்டியில சோறு கொடுத்துவிட்டேன். அதுவும் அவ கீரைதான்.

செடியெல்லாத்தையும் புடுங்கிக் கீழ கொண்டு வரணும், ஜீப்பு மேல ஏறாது. ஊருல எவனும் சுமக்க வரல, பெரியதனத்து மகன்ல. பவுனம்மா வந்தா. கூலிக்குத் தூக்குறேன்னு வந்தா தாயி! சுமைசுமையாத் தலையில வச்சு இறக்குறா. நடுவுல என் மகன், கையில விலங்கு. என் வாசல் வழியாத்தான் போனா. என்னைத் திரும்பிப் பாக்கல. கெடுவான் கேடு நினைப்பான்னு சும்மாவா சொன்னாக? அவ வயித்தெரிச்சல்தான் என் பிள்ளையை உள்ள தள்ளிருச்சு. வேற என்ன? அவ பாத்தி போடலைன்னா போலீஸு வந்திருக்குமா? போலீஸு வரலைன்னா ஓஸைப் பாத்திருப்பாய்ங்களா? கூட்டிக் கழிச்சுப் பாரு, எல்லாம் அவகிட்டப் போயித்தான் முட்டும்.

ஊர்க்கட்டா? எங்களைத் தள்ளி வைக்கச் சொல்லி ஒருத்தன் ரெண்டு பேர் முணுமுணுத்தாய்ங்க. பவுனம்மாவுக்கு முறையைத் திருப்பிக் கொடுக்கணும்னுகூட ஒரு கிழவன் கிளப்புனான். என் வீட்டுக்காரரு துண்டை உதறித் தோள்ல போட்டு, "முடிஞ்ச பேச்சைக் கிளறக் கூடாது"ன்னுட்டாரு. முடிஞ்சது முடிஞ்சதுதானே.

உசிலம்பட்டி தாண்டிட்டமா? நடுவுல ஒருத்தர் ஏறுனாரே, முன் சீட்டுல, காக்கிப் பேண்ட்டும் வெள்ளைச் சட்டையும். போலீஸாத்தான் இருக்கும். இருந்துட்டுப் போகட்டும், நான் எதுக்குக் குரலைத் தாழ்த்தணும்? எனக்கு மடியில கனமில்ல.

போன தடவை மனு பாக்கப் போனப்ப பய கம்பிக்கு அந்தப் பக்கம் எலும்பா நிக்கிறான். ஜாமீனு கிடைக்காதுங்கிறாரு வக்கீலு. "அம்மா, நாக்கு செத்துப் போச்சு. ஒரு வாயி புளிச்சக்கீரை கொண்டாம்மா"ன்னு அழுகுறான். பெத்த வயிறு பத்திக்கிட்டு எரியுது. ஊரெல்லாம் தேடுனேன். பஞ்சத்துல விதைகூட எவன்கிட்டயும் இல்ல. இருக்கிற ஒரே இடம் பவுனம்மா வரப்பு. புடுங்குனதுல உதுந்த விதை இந்தத் தூத்தலுக்கு முளைச்சு நிக்குது. மலைச் சரிவுலகூட அந்தக் கஞ்சாச் சனியன், வேர் அறாத தூரெல்லாம் துளுத்துப் பூத்துக் கிடக்காம், ஆடு மேய்க்கிறவய்ங்க சொல்றாய்ங்க. இவ தினம் அங்கதான் விறகுக்குப் போறா. பயம் கிடையாது.

மானம் பாத்தா ஆகுமா? நேத்து அவ வாசல்ல போயி நின்னேன். "பவுனு, உன் மகன் மாதிரிடி அவன். ரெண்டு கட்டு கொடு"ன்னேன். வெடுக்குன்னு ஏதாச்சும் சொல்லுவான்னு நினைச்சேன். இல்லவே இல்ல! "நாளைக்கு விடியக்காலம் வாங்கக்கா, பறிச்சு வைக்கிறேன்"னா. காலையில போனா, கட்டாக் கட்டி, ஈரத்துண்டுல சுத்தி, நூல் போட்டு இறுக்கி வச்சிருக்கா. "கடைஞ்சு கொண்டு போனா வழியில ஊசிப் போகும்கா. இலையாவே கொண்டு போங்க. அங்க சமையக்கட்டு இருக்கும்ல, வாசல்ல இருக்கிற அய்யாமார்கிட்டக் கொடுத்து, இன்னாரு மகனுக்குன்னு பேரைச் சொல்லிக் கொடுங்க"ன்னா. எவ்வளவு விவரம் பாரு. போறப்பச் சொல்றா, "நடுவுல பிரிக்காதீகக்கா, காத்துப் பட்டா வாடிரும்"னு. அடங்கிட்டா தாயி. தண்ணியை நிறுத்துனா எந்தக் கொம்பனும் அடங்குவான். இப்பத்தான் அவளுக்கு மூத்தவங்கிற மரியாதை தெரிஞ்சிருக்கு.

என்ன மூக்கைப் பொத்துற? அவ்வளவு வாடையா? அழுகிப் போச்சோ? அடி ஆத்தீ, பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டது. இரு, பிரிச்சுப் பாத்துருவோம். இந்த நூலைப் பிடி. ம், மேல நல்லாத்தானே இருக்கு. செவத்த காம்பு, புளிச்சைதான். உள்ளதான் என்னமோ, பச்சைக் காம்பா இருக்கு, பூவும் மொக்குமா. முத்துனதைக் கொடுத்துட்டா சிறுக்கி. கையில பிசுபிசுன்னு ஒட்டுது பாரு.

ஏன் தாயி எந்திரிக்கிற? உன் ஸ்டாப் இன்னும் வரலையே. என்னங்கய்யா, நீங்க எதுக்குத் திரும்பிப் பாக்குறீக? கீரைங்கய்யா. மகனுக்குக் கொண்டு போறேன், ஜெயிலுக்கு. எந்த ஊரா? ஆண்டிபட்டிக்கு மேற்கங்க. இலையைப் பாத்து முழிக்காதீக, புளிச்சை அப்படித்தான் இருக்கும். ஏற்கனவே ஒரு ஆபீசரு இப்படித்தான் ஏமாந்து ஊரே சிரிச்சுச்சு. கையை எடுங்கய்யா, பையை ஏன் பிடுங்குறீக? நம்பலையா? இந்தா, நான் தின்னே காட்டுறேன். பாருங்க. நல்லாப் பாருங்க.

தாயி... இங்க வாயேன். என்னடி இது?

புளிக்கலையே.